நாலு மூலையும் தெரிய வேண்டும்

தம்பி,

உங்களுக்கு விசா வந்துவிட்டது என்று நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். "சாப்ட்டீகளாப்பா" என்று கேட்பாய். "ஆச்சு" என்பேன். "அங்கன மழையா" என்று நான் கேட்பேன். "இல்லப்பா, குளிரு" என்பாய். பிறகு பெட்டியில் எத்தனை கிலோ கொண்டு வரலாம் என்று ஆரம்பித்து அதிலேயே பேச்சை முடித்துவிடுவோம். உன் அம்மா இருந்தவரைக்கும் போனை அவள்தான் கையில் வைத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இதையும் கேள் என்று நடுவில் ஒன்றைச் செருகுவேன். நேருக்கு நேர் பேசிப் பழகாத இரண்டு பேர் நாம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். நாலு மூலையும் தெரிகிற மாதிரிதான் எடுப்பேன், பயப்படாதே.

உனக்குத் தெரிந்த சங்கதிகளும் இதில் வரும். பொறுத்துக்கொள். உன் கையைப் பிடிக்கப்போகிற ஷீபாவுக்கும் இது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். குமுளியில் வளர்ந்த பெண், தமிழ் நன்றாகப் பேசுகிறாள், ஆனால் படிக்க வராது என்று சொன்னாய். நீயே படித்துக் காட்டு. சங்கடமான இடம் வந்தால் தாண்டிப் போகாமல் படி.

உன் அம்மா தேனி ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரத்தில் இறந்தாள். காய்ச்சல் என்று கொண்டுபோய்ச் சேர்த்தோம். நெஞ்சில் சளி என்றார்கள், பிறகு நெஞ்சே சரியில்லை என்றார்கள். டாக்டர் வெளியே வந்து சொன்னபோது நான் "சரிங்க" என்றேன். கடைக்காரரிடம் சாமான் இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறவன் சொல்வதுபோல அது என் வாயிலிருந்து வந்தது. ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். சின்னமனூர் தாண்டும்போது முன்னால் ஒரு லாரி வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போனது. கயிறு ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. "அவன் கயிறு சரியாக் கட்டல, கொஞ்சம் தள்ளியே போங்க" என்று டிரைவரிடம் சொன்னேன். அன்றைக்கு நடந்ததில் இந்த ஒன்றுதான் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. நீ மதுரையில் இறங்கிக் கார் பிடித்து ஓடைப்பட்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற உன்னைப் பார்த்து, செருப்பை வெயிலில் விடாதே, சுடும் என்று சொன்னேன். நீ அதைத் தூக்கி நிழலில் போட்டாய்.

எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. உன் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தடவ அழுதுருண்ணே. அடக்கி வச்சா ஒடம்புக்கு ஆகாது" என்றாள். "நான் ஒண்ணும் அடக்கி வைக்கல ஆத்தா, வந்தாத்தான அழுக" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோட்டத்தில் கவாத்து வெட்டும் பருவம் வந்தது, வெட்டினேன். மருந்து அடிக்கும் பருவம் வந்தது, அடித்தேன். திராட்சைக் கொடிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. கையின் மேல் படுத்துத் தூங்கி எழுந்தால் கை இருப்பது தெரியும், ஆனால் அது யாருடைய கையோ என்றிருக்கும். இத்தனை மாதமாக எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்கிறாயே, நல்லா இருக்கீகளா என்று. அதற்கு உண்மையான பதில் இதுதான்.

கல்யாணப் பேச்சை மறுபடி எடுத்தது உன் அத்தை. வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் நல்ல காரியம் நடந்துவிட வேண்டும், இல்லையென்றால் தள்ளித் தள்ளிப் போகும் என்றாள். நம் பக்கத்து வழக்கம் அதுதான். உன் அம்மா வீடியோவில் பார்த்துப் பேசி, "பிள்ள சிரிச்ச மொகமா இருக்கா, போதும்" என்று முடிவு செய்துவிட்டுப் போன சம்பந்தம் அது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் அங்கே லீவு கிடைக்கவில்லை. சரி, மெல்போர்னிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள், ஷீபா வீட்டிலிருந்து இரண்டு பேர், நம் வீட்டிலிருந்து நான் என்று முடிவானது. தேதியும் குறித்தாகிவிட்டது. நான் வந்து சேர வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்கு விசா வேண்டும், விசாவுக்கு ஆப்பில் என் காகிதங்களைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்றாய். இவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன்.

படம் எடுக்கத் தெரியாதவன் இல்லை நான். கொடியில் சாம்பல் நோய் விழுந்தால் இலையைத் திருப்பிப் பிடித்துப் படம் எடுத்து மருந்துக்கடைக்கு அனுப்புவேன். அவர் அதைப் பார்த்தே மருந்து சொல்வார். ஆனால் இந்த அட்டையும் புத்தகமும் இலையைவிடப் பிடிவாதமாக இருந்தன. முதலில் அனுப்பியதில் என் கட்டைவிரல் பாதி அட்டையை மறைத்தது. அடுத்ததில் என் தலையின் நிழல். அதற்கடுத்து டியூப்லைட் வெளிச்சம் அட்டையின் நடுவில் வெள்ளையாகப் பட்டை போட்டு என் பேரையே விழுங்கிவிட்டது. நீ அங்கே ஆபீஸில் இருந்துகொண்டு குரலைத் தாழ்த்திச் சொல்வாய்: "அப்பா, போன சாய்ச்சுப் புடிக்காதீக. நேரா மேல இருந்து. நாலு மூலையும் தெரியணும்." நான் எடுப்பேன். "அப்பா, இது மூணு மூலதான் இருக்கு." மறுபடி எடுப்பேன். ஒருநாள் ஷீபா போனை உன்னிடமிருந்து வாங்கி, "அப்பா, ஃபிளாஷ் வேண்டா. ஜன்னல் பக்கத்தில வச்சு எடுத்தா மதி. வெயில் நேரா விழாத எடம்" என்றாள். ஏலக்காய் வாங்க மலைக்குப் போய்வந்த காலத்தில் கேட்ட சொல் அது. மதி என்றால் போதும். அவள் சொன்னபடி மேற்கு ஜன்னலுக்குப் போனேன். காலையில் அங்கே வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. அட்டைக்குக் கீழே விரிக்கக் கோடு, பூ எதுவும் இல்லாத துணி வேண்டும் என்றாய். நீ காலேஜ் படிக்கும்போது ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கட்டிய கறுப்பு வேட்டி பீரோவில் கிடந்தது. அதை எடுத்து விரித்தேன். அதற்குப் பிறகு எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. ஆனால் ஆப் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் மூலைகளைச் சரியாகப் பார்த்தேன்.

ஷீபா, இது உனக்காக. எங்கள் வீட்டுக்குள் புதிதாக எந்தக் காகிதம் வந்தாலும் இவன் அம்மா அதைச் சும்மா உள்ளே வைக்க மாட்டாள். சின்னக் கிண்ணியில் மஞ்சளைக் குழைத்து, மோதிர விரலால் தொட்டு, நாலு மூலையிலும் வைப்பாள். அதன்மேல் ஒரு பொட்டுக் குங்குமம். அப்புறம் சாமி படத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி இருக்கும். மறுநாள்தான் பீரோவுக்குப் போகும். ரேஷன் கார்டு, பட்டா, வண்டியின் ஆர்.சி. புத்தகம் எதுவும் தப்பவில்லை. மருந்தடிக்கிற ஸ்பிரேயர் வாங்கியபோது அதன் கேரண்டி அட்டைக்கும் வைத்தாள். "ஸ்பிரேயருக்குமா" என்று கேட்டேன். "அது ஓடுனாத்தான நம்ம ஓடும்" என்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்கிருந்த பைத்தியம் வேறு. காகிதம் வந்ததும் சின்னமனூருக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிடுவேன். தண்ணீர் படாது, கரையான் தொடாது. அவள் மஞ்சள் வைப்பாள், நான் அதன்மேல் பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொண்டு வருவேன். எங்களுக்குள் யார் முந்துவது என்று ஒரு போட்டியே நடந்தது. பெரும்பாலும் அவள்தான் முந்துவாள். தம்பி, உன் டிகிரி சர்டிபிகேட்டுக்கு அவள் மஞ்சள் வைத்ததும் நீ குதித்தது ஞாபகம் இருக்கிறதா? "இதக் கொண்டுபோயி வேல கேட்டா சிரிப்பாகம்மா" என்றாய். "சிரிச்சா சிரிக்கட்டும், வேல கெடைக்கும்ல" என்றாள். வேலை கிடைத்தது. அதற்கும் மஞ்சளுக்கும் சம்பந்தமில்லை என்று நான் அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆதார் அட்டையில் மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருந்தது. அவள் வைத்து, நான் ஒட்டி, இரண்டு பேருமாகச் சேர்ந்து கெடுத்த அட்டை அது. அட்டையின் ஓரம் எங்கே முடிகிறது என்று ஆப்புக்குப் புரியவில்லை என்றாய். புது அட்டைக்கு எழுதிப் போட்டாய், தபாலில் வந்தது. வழவழவென்று, மூலையெல்லாம் சுத்தமாக இருந்தது. படம் எடுத்ததும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த அட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருநாள் முழுக்க மேஜைமேலேயே வைத்திருந்தேன். நேராக பீரோவுக்குள் வைப்பது ஏதோ முறை தவறியதுபோல இருந்தது.

பாஸ்போர்ட் அப்படி இல்லை. நீ அங்கே போன வருஷம், உன்னை ஒருதரம் வந்து பார்க்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது. வந்த அன்றே என்னுடையதைப் பிடுங்கி, போட்டோ இருக்கிற பக்கத்தை விரித்து வைத்து, மூலைக்கு மூலை மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். அந்தப் பக்கத்தில் கீழே இரண்டு வரி இருக்கும், அம்புக்குறியும் எழுத்துமாக. மெஷின் படிப்பது அந்த வரியைத்தான். வலது கீழ் மூலையில் வைத்த பொட்டு அந்த வரிகளின் கடைசி எழுத்துகளின்மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு மழை இல்லை, அடுத்த வருஷம் விலை இல்லை, அதற்கடுத்து அவளுக்கு முழங்கால் வலி என்று பயணம் தள்ளிப்போனது. பாஸ்போர்ட் பீரோவிலேயே கிடந்தது. அவளுடையது கீழே, அதற்கு மேல் என்னுடையது என்று இப்போதும் ஒரே கவரில்தான் இருக்கின்றன.

எத்தனை முறை அனுப்பினாலும் பாஸ்போர்ட் படம் திரும்பி வந்தது. படிக்க முடியவில்லை, தெளிவான படத்தைப் பதிவேற்றவும் என்று ஒரே பாட்டு. சின்னமனூர் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்த்த கடைப் பையன், "இதென்னங்கய்யா பெரிய விசயம், இந்தச் செவப்ப அழிச்சிட்டு எழுத்த நானே டைப் பண்ணிவிட்டுர்றேன், யாருக்கும் தெரியாது" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுத்தை நீ அடித்தால் அது என் பாஸ்போர்ட் இல்லை, உன் பாஸ்போர்ட் என்று சொல்லிவிட்டு, அவன் கம்ப்யூட்டரில் இருந்த என் படத்தை என் கண்முன்னால் அழிக்கச் சொல்லி, குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நீ எப்போதும் அதில் ஜாக்கிரதையாக இரு. ஒரிஜினலைத்தான் எடுக்க வேண்டும். மங்கலாக இருந்தால் மங்கலாக இருக்கட்டும், மறுபடி எடு. திருத்தாதே. உன் அட்டையை யாரிடம் கொடுக்கிறாய், அவன் போனில் அது தங்குகிறதா என்று பார். காகிதத்துக்கு மட்டும் சொல்லவில்லை. கல்யாணம் கட்டிக்கொள்ளப்போகிறவளிடமும் உன்னை அழகுபடுத்திக் காட்டிக்கொண்டு நிற்காதே. நானும் உன் அம்மாவும் முதல் வருஷம் அதற்கே செலவழித்தோம். அவள் எனக்குப் புளிக்குழம்பு பிடிக்கும் என்று நினைத்து வாரம் முழுக்க அதையே வைத்தாள். நானும் பிடிக்கும் என்றே தின்றேன். பிடிக்காது என்று சொன்ன அன்றைக்குத்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. அதற்குப் பிறகுதான் சரியாகப் பேச ஆரம்பித்தோம்.

கடையிலிருந்து திரும்பியபிறகு நீ கூப்பிட்டாய். "அப்பா, அது பிளாஸ்டிக் பக்கம்தான. பஞ்ச லேசா நனச்சுத் தொடச்சா போயிரும். அந்த ஒரு மூலைய மட்டும் தொடச்சிட்டு எடுங்க" என்றாய். "அனுப்புறதுக்கு முந்தி பெரிசு பண்ணிப் பாருங்க, எழுத்து தெரியுதான்னு." சரி என்றேன். ஏற்கெனவே எடுத்திருந்த படத்தைத் திரையில் இரண்டு விரலால் விரித்துப் பெரிசாக்கினேன். எழுத்து தெரியவில்லை. குங்குமத்தைச் சுற்றி மஞ்சள் காய்ந்திருந்தது. அந்த மஞ்சளில் கோடு கோடாக இருந்தது. வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக. முதலில் பிளாஸ்டிக்கில் விழுந்த கீறல் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவளுடைய மோதிர விரல். நடுவில் குறுக்காக ஒரு வெட்டு. வெங்காயம் நறுக்கும்போது அரிவாள்மனையில் பட்டது, அந்தத் தழும்போடு சேர்த்து அப்படியே பதிந்திருந்தது. இவ்வளவு தெளிவான படத்தை நான் என் வாழ்நாளில் எடுத்ததில்லை. அதைத்தான் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் உன்னை ஏமாற்றினேன். பஞ்சு இல்லை என்றேன். கரண்ட் இல்லை என்றேன். மேகமலைப் பக்கம் மேகம் இறங்கிவிட்டது, வெளிச்சம் பத்தவில்லை என்றேன். தோட்டத்தில் ஆள் வேலை செய்கிறார்கள், நாளைக்கு எடுக்கிறேன் என்றேன். எதுவும் பெரிய பொய் இல்லை, எதுவும் முழு உண்மையும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. சொல்லிவிடுகிறேன். படம் சரியில்லை என்றால் நீ கூப்பிடுவாய். தினமும் கூப்பிட்டாய். படம் சரியாகிவிட்டால் நாம் எதைப் பேசிக்கொள்வோம் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் அடுத்த கட்டத்தையாவது முடித்து வைப்போம் என்று, ஆப்பில் மனைவி இறந்துவிட்டதற்கான சான்று கேட்ட இடத்துக்குப் போனேன். அவளுடைய இறப்புச் சான்றிதழ் பீரோவின் மேல்தட்டில் தனியாக இருந்தது. வாங்கி வந்த அன்றைக்கு வைத்தது, அதற்குப் பிறகு தொடவில்லை. அதற்கு லேமினேஷன் போட எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் தெரியாது. ஜன்னலடியில் கறுப்பு வேட்டியை விரித்து, அதன் நடுவில் வைத்து, நேராக மேலே போனைப் பிடித்தேன். கை ஆடவில்லை. ஒரே படம். எடுத்து மூச்சு விடுவதற்குள் ஆப் பச்சை டிக் போட்டுவிட்டது. படம் தெளிவாக உள்ளது, நன்றி என்றது. தாளைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று நாலு மூலை. எங்கள் வீட்டில் அவள் விரல் படாத காகிதம் அது ஒன்றுதான். அது வந்தபோது கிண்ணியை எடுக்க அவள் இல்லை. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அவள் பேரை மட்டும் ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன், அச்சில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி.

பிறகு நீ கூப்பிட்டாய். நீ கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்குப் பழக்கம். அன்றைக்கு நீ மெதுவாகப் பேசினாய். "அப்பா, நாளைக்குள்ள போடலன்னா தேதிக்குள்ள விசா வராது. ஒங்களுக்கு வர இஷ்டம் இல்லைன்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அம்மா இல்லாத கல்யாணம், ஒங்களுக்கும் கஷ்டமா இருக்கும்." உன் பக்கத்தில் ஏதோ டிராம் போகிற சத்தம் கேட்டது. "ஏலே, நாளைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அம்மா இல்லாத கல்யாணம் என்று நீ சொன்னதில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. அம்மா போனதிலிருந்து உன் குரலில் நான் அதைக் கேட்டதே இல்லை. எனக்குத்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அங்கே உன் கைமேல் படுத்து எழுந்தவன் மாதிரிதான் திரிந்துகொண்டிருக்கிறாய் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. என்னைவிட நீ அதை நன்றாக மறைத்தாய்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு ஜன்னலடியில் உட்கார்ந்தேன். பஞ்சு வீட்டில் இருந்தது, சாமி விளக்குக்குப் பக்கத்தில். ஆனால் பஞ்சால் துடைக்க மனம் வரவில்லை. பஞ்சைத் தூக்கிப் போட வேண்டி வரும். கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டு, அவள் விரல் இருந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு தேய்த்தேன். இத்தனை வருஷம் இருந்தது உடனே வந்துவிட்டது. அடியில் எழுத்துகள் தெரிந்தன, அம்புக்குறியும் எண்ணும். மற்ற மூன்று மூலையை நான் தொடவில்லை. மேல் மூலைகளில் எழுத்து எதுவும் இல்லை, இடது கீழ் மூலைப் பொட்டு எழுத்தைத் தொடாமல் ஓரத்தில் இருந்தது, அவை யாரையும் தொந்தரவு செய்யவில்லை. படம் எடுத்தேன், பெரிசாக்கிப் பார்த்தேன், அனுப்பினேன். பச்சை டிக் வந்தது. நீ கூப்பிடவில்லை, 'சூப்பர்ப்பா' என்று மட்டும் எழுதினாய். அன்றைக்கு மத்தியானம் உன் அத்தை சோறு கொடுத்துவிட்டிருந்தாள். என் வலது கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது. சோற்றில் கையை வைக்க முடியவில்லை. சமையலறையில் கரண்டி தேடி எடுத்துச் சாப்பிட்டேன். உன் அம்மா பார்த்திருந்தால், தொரைக்குக் கரண்டி கேக்குதோ என்று கேட்டிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அவ்வளவுதான் நடந்தது. நீ ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். சாயந்திரம் மோட்டார் போடப்போனபோது கையில் தண்ணீர் பட்டுப் பட்டு அந்த நிறமும் போய்விட்டது.

பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். பன்னீர்த் திராட்சை கொண்டுவர விட மாட்டார்கள் என்று நீ சொன்னாய், சரி. அந்தக் கிண்ணியைக் கொண்டுவருகிறேன். மஞ்சள்பொடி கட்டினால் ஏர்போர்ட்டில் கேட்பார்களா என்று விசாரித்துச் சொல். கேட்பார்கள் என்றால் அங்கே கடையில் கிடைப்பது போதும். உங்கள் பதிவுத் தாள் கையில் வந்ததும் முதலில் நாலு மூலையும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு என்னிடம் கொடுங்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் வைப்பேன். ஷீபாவுக்கு இஷ்டம் இருந்தால் ஒரு மூலையில் அவளும் வைக்கட்டும். எழுத்தின்மேல் படாமல் வைக்க வேண்டும், அதை மட்டும் நான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எல்லாம் ஏற்றியாகிவிட்டது, போனில் கிடக்கும் அட்டைப் படங்களை அழித்துவிடுங்கள், போன் தொலைந்தால் வம்பு என்று போன வாரம் எழுதியிருந்தாய். நல்ல யோசனை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். விரல் மறைத்தது, நிழல் விழுந்தது, மூன்று மூலை மட்டும் இருந்தது, பச்சை டிக் வாங்கியது, எல்லாம் போய்விட்டது. ஒன்றை மட்டும் அழிக்கவில்லை. துடைப்பதற்கு முன்னால் எடுத்த பாஸ்போர்ட் படம். அது உன் போனிலும் இருக்கும். ஆப் ஒத்துக்கல, கறையா இருக்கு என்று கீழே எழுதி நீ எனக்குத் திருப்பி அனுப்பிய படம். அதை அழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். ஆபீஸில் இருக்கும்போது வேண்டாம். வீட்டுக்கு வந்து, ஷீபா பக்கத்தில் இருக்கும்போது அதைத் திற. எழுத்தைத் தேடாதே. வலது கீழ் மூலையைப் பெரிசு பண்ணிப் பார்.

அப்பா